‘கம்பஸ்’ எப்படிக் ‘கம்பு’ ஆனது: இணையச் செயலியின் ரவுட்டிங்கில் ஒழுங்கற்ற ஒருமை பன்மைப் பெயர்களைக் கையாளும் முழு வழிகாட்டி

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று ஆகிய மூன்று ஊர்களிலும் வகுப்பு நடத்தும் ஒரு கல்வி நிறுவனத்துக்காகச் சில ஆண்டுகளுக்கு முன்னர், ரூபி மொழியில் இணையச் செயலிகள் எழுத உதவும் ரூபி ஒன் ரெயில்ஸில் ஒரு செயலி எழுதிக் கொடுத்தேன். தங்கள் கிளைகளை அவர்கள் ‘கம்பஸ்’ என்றே அழைத்ததால், கிளைகளின் தரவைக் கையாளும் நிரற்பகுதியான மொடலுக்கு நானும் அந்தப் பெயரையே இட்டேன். கட்டளையைத் தட்டியபோது, கோப்புகளைத் தானே ஆக்கித் தரும் ஜெனரேட்டர் ஏதோ எச்சரித்தது. அதை வாசிக்காமல் கடந்து போனேன். செயலியைப் பார்வையிட்ட அலுவலர் மறுநாள் தொலைபேசியில் அழைத்து, “தம்பி, புதுக் கிளை சேர்க்கிற பக்கத்தில ‘நியூ கம்பு’ எண்டு கிடக்கு, பிள்ளைகளுக்கு அடிக்கிற கம்போ?” என்று கேட்டார். அவர் சொன்னது சரிதான். ‘கம்பஸ்’ என்பது ஒரு பன்மைச் சொல் என்று ரெயில்ஸ் முடிவெடுத்து, இறுதியில் இருந்த எஸ் எழுத்தை வெட்டிவிட்டு, மீதியை ஒருமையாகக் கொண்டிருந்தது.

நான் செய்த அடுத்த காரியம் அதைவிடத் தவறானது. மொடலின் வகுப்புப் (கிளாஸ்) பெயரையும், பக்கங்களுக்கான கோரிக்கைகளைக் கையாளும் கொன்ட்ரோலரில் சில வரிகளையும் கையால் ‘கம்பஸ்’ என்று மாற்றினேன். ஏற்கனவே இருந்த கிளையைத் திருத்தும் படிவம் வழமைபோல் திறந்தது; புதிய கிளையைச் சேர்க்கும் படிவம் மட்டும், அப்படியொரு செயல் இல்லை என்னும் ‘நோ மெத்தட் எரர்’ பிழையோடு உடைந்தது. ஒரே படிவக் கோப்பு ஓரிடத்தில் வேலை செய்து இன்னோரிடத்தில் உடைவது ஏன் என்று விளங்க எனக்கு ஒரு முழு நாள் சென்றது. அந்த ஒரு நாளை மற்றவர்கள் செலவிட வேண்டியதில்லை என்பதற்காகவே இவ்வழிகாட்டியை எழுதுகிறேன். கட்டளைகளையும் சாவிச் சொற்களையும் உச்சரிப்பின்படி தமிழ் எழுத்தில் தருகிறேன். நிரலில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

ஒரு பெயர் எங்கெல்லாம் போகிறது

2004இல் வெளிவந்த ரெயில்ஸ், பெயரை வைத்தே பொருத்தத்தை ஊகிக்கும் பிரேம்வேர்க் (செயலிக்கான ஆயத்தச் சட்டகம்) ஆகும். ‘பெர்சன்’ என்று ஒரு மொடலை எழுதினால், அதன் தரவுத்தள அட்டவணை ‘பீப்பிள்’ என்றும், கொன்ட்ரோலர் ‘பீப்பிள் கொன்ட்ரோலர்’ என்றும், இணைய முகவரி ‘பீப்பிள்’ என்றும் அமையும். எந்த முகவரி எந்தக் கொன்ட்ரோலருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ரவுட்ஸ் கோப்பில் ‘ரிசோர்சஸ்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘பீப்பிள்’ என்று ஒரு வரி எழுதியவுடன், பட்டியல் பக்கத்துக்குப் ‘பீப்பிள் பாத்’ என்றும், தனி ஆளின் பக்கத்துக்குப் ‘பெர்சன் பாத்’ என்றும், முகவரியை ஆக்கித் தரும் சிறு செயல்களான ஹெல்ப்பர்கள் பிறக்கும். அந்த வரிக்குள் இன்னொரு ‘ரிசோர்சஸ்’ வரியை அடுக்கினால், உள்ளிருக்கும் முகவரியில் ‘பெர்சன் ஐடி’ என்ற பரமீட்டர் (முகவரிக்கு முகவரி மாறும் மதிப்பு) வரும். நீங்கள் எழுதியது ஒரு சொல். அதிலிருந்து ஏழெட்டுப் பெயர்களை ரெயில்ஸ் தானே ஆக்கிக்கொள்கிறது.

இந்த வேலையைச் செய்வது ‘அக்டிவ் சப்போர்ட்’ என்ற பகுதியிலுள்ள ‘இன்ஃப்ளெக்டர்’ ஆகும். அதனிடம் அகராதி கிடையாது. சொல்லின் ஈற்றைப் பார்த்து மாற்றும் சில பத்து விதிகளும், ‘பெர்சன் – பீப்பிள்’, ‘சைல்ட் – சில்ட்ரன்’, ‘மேன் – மென்’ போன்ற ஒரு சிறு ஒழுங்கற்ற பட்டியலும், ஒருமையும் பன்மையும் ஒன்றேயான சொற்களின் பட்டியல் ஒன்றும் மட்டுமே உள்ளன. அந்த மூன்றாவது பட்டியலில் ‘எக்குயிப்மென்ட்’, ‘இன்ஃபர்மேஷன்’, ‘மணி’, ‘ஷீப்’, ‘பொலிஸ்’ ஆகியவற்றோடு ‘ரைஸ்’, ‘ஃபிஷ்’ ஆகிய இரண்டும் இருக்கின்றன. வயலையும் வாவியையும் நம்பி வாழும் மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய எங்கள் இரு மாவட்டங்களுக்கும் செயலி எழுதுகின்றவர், அரிசியும் மீனும் வரும் இடத்தில் எப்படியும் இந்தப் பட்டியலில் வந்து முட்டுவார்.

இன்ஃப்ளெக்டரின் விதிகளில் பிழை உண்டென்பது அதை எழுதியவர்களுக்கும் தெரியும். ஆயினும் அந்தப் பிழைகளை நம்பி ஏற்கனவே இயங்கிக்கொண்டிருக்கும் செயலிகள் உடையக்கூடாது என்பதற்காக, விதிகளுக்கான திருத்தங்களை இனி ஏற்பதில்லை என்று ரெயில்ஸ் குழு ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. ஆகவே புதிய பதிப்பில் சரியாகிவிடும் என்று காத்திருப்பதில் பயனில்லை. உங்கள் செயலிக்குத் தேவையான திருத்தத்தை நீங்களேதான் சேர்க்க வேண்டும்.

முதற் படி: போய்த் திரும்பும் சோதனை

மொடலை உருவாக்கும் முன்னரே, கட்டளைகளை நேரடியாக இட்டுப் பார்க்கும் ‘ரெயில்ஸ் கொன்சோல்’ திறந்து, நினைத்திருக்கும் பெயரை மேற்கோள் குறிக்குள் எழுதி, அதற்குப் பின்னால் ‘ப்ளூரலைஸ்’ என்ற செயலை இணைத்துப் பாருங்கள். அதன் பின்னால் ‘சிங்குலரைஸ்’ என்பதையும் இணையுங்கள். ஒருமையில் புறப்பட்ட சொல் பன்மைக்குப் போய், மீண்டும் அதே ஒருமைக்குத் திரும்பி வருகிறதா என்பதே கேள்வி. மூன்றாவதாக, ஒருமைச் சொல்லையே நேராகச் சிங்குலரைஸ் செய்து, அது மாறாமல் நிற்கிறதா என்றும் பாருங்கள். இந்த மூன்றாவது சோதனையைப் பலர் விட்டுவிடுவார்கள். ‘கம்பஸ்’ போய்த் திரும்பும் சோதனையிலும் இதிலும் அகப்படும்.

ஆங்கிலப் பன்மை சரியாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி, போய்த் திரும்புகிறதா என்பது வேறு கேள்வி என்பதைப் பிரித்துக்கொள்வதே இந்த விடயத்தில் பாதி வேலை. ‘லீஃப்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். களுதாவளை வெற்றிலைக்கு விற்பனைப் பக்கம் அமைக்கும் ஒருவர் அந்தப் பெயரில் மொடல் எழுதினால், ரெயில்ஸ் அதற்கு ‘லீவ்ஸ்’ என்று பன்மை தராமல் ‘லீஃப்ஸ்’ என்று தரும். ஆங்கில ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிடுவார். ஆனால் ‘லீஃப்ஸ்’ மீண்டும் ‘லீஃப்’ ஆகவே திரும்பிவிடுவதால், செயலியில் ஒன்றும் உடையாது. ‘பொட்டேட்டோ’ என்ற சொல்லுக்கும் இதே நிலைதான்; ஈ எழுத்து இல்லாத பிழையான பன்மை வரும், வேலை நடக்கும். இவை முகவரியின் அழகைக் கெடுப்பவை மட்டுமே.

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதி மொடலுக்குப் பெயரிடுகின்றவர்களுக்கு இதில் ஒரு தனி வேடிக்கை உண்டு. மண் வகைகளைப் பதிவுசெய்யும் ஒரு செயலியில் ‘களிமண்’ என்பதைக் கடைசியில் ஒற்றை என் எழுத்துடன் எழுதினால், அதன் இறுதி மூன்று எழுத்துகளும் ‘மேன்’ என்ற ஆங்கிலச் சொல்லாகவே இன்ஃப்ளெக்டருக்குத் தெரியும். ஒழுங்கற்ற சொல்லின் விதி சொல்லின் ஈற்றையே பார்க்கும் என்பதால், களிமண்ணின் பன்மை ‘களிமென்’ என்று வரும். மண் ஆண்களாகிவிடும்.

இரண்டாம் படி: எந்த வகை நோய் என்று அறிதல்

கவனிக்க வேண்டிய சொற்கள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கும். அவற்றுள் முதலாவதே அதிகத் தொல்லை தருவது. அதனால் அதை விரிவாகப் பார்ப்போம்.

எஸ் எழுத்தில் முடியும் ஒருமைச் சொற்கள் முதல் வகை. ‘ஸ்டேட்டஸ்’, ‘பஸ்’ ஆகியவற்றுக்கு ரெயில்ஸில் தனி விதி இருக்கிறது. ‘கம்பஸ்’, ‘போனஸ்’, ‘கன்வஸ்’, ‘லென்ஸ்’ ஆகியவற்றுக்கு இல்லை. எஸ்ஸில் முடிவதால் இவை ஏற்கனவே பன்மை என்று கருதப்படும். ஆகவே ‘போனஸ்’ என்பதன் பன்மையைக் கேட்டால் ‘போனஸ்’ என்றே வரும்; ஒருமையைக் கேட்டால் ‘போனு’ என்று வரும். நெல் ஆலை ஒன்றின் சம்பளச் செயலியில் ஊழியர் போனஸுக்கு ஒரு மொடல் தேவைப்படும்போது இது நிச்சயம் தலைகாட்டும்.

என் படிவம் பாதி உடைந்த காரணத்தை இப்போது விளக்கலாம். ரவுட்ஸ் கோப்பில் ‘ரிசோர்சஸ் கம்பஸ்’ என்று இருந்தது. அதைப் பார்த்த ரவுட்டர், பன்மை ‘கம்பஸ்’, ஒருமை ‘கம்பு’ என்று பிரித்து, பட்டியலுக்குக் ‘கம்பஸ் பாத்’ என்றும் தனிப் பக்கத்துக்குக் ‘கம்பு பாத்’ என்றும் ஹெல்ப்பர்களை உண்டாக்கியது. மறுபக்கத்தில் படிவம் தனக்குரிய முகவரியை ரவுட்ஸ் கோப்பிடம் கேட்பதில்லை. மொடலின் பெயரிடம் கேட்கிறது. நான் கையால் ‘கம்பஸ்’ என்று மாற்றிய மொடலின் ஒருமையும் பன்மையும் ஒன்றாக இருந்ததால், அது ஒருமை பன்மை பிரியாத சொல் என்று மொடல் பக்கம் முடிவெடுத்து, புதிய பதிவுக்கு ‘கம்பஸ் இன்டெக்ஸ் பாத்’ என்ற ஹெல்ப்பரைத் தேடியது. அப்படி ஒன்றும் இல்லாததால் அங்கே உடைந்தது. பழைய பதிவைத் திருத்தும்போது மொடல் தேடியதோ ‘கம்பு பாத்’. அது தற்செயலாக ரவுட்டரிலும் இருந்ததால் அங்கே திறந்தது. பெயரைக் கணிக்கும் இடங்கள் இரண்டு, அவை தனித்தனியே கணிக்கின்றன என்பது விளங்கினால் இந்தப் புதிர் அவிழ்ந்துவிடும்.

ரவுட்ஸ் கோப்பில் மட்டும் ‘கம்பஸஸ்’ என்று சரியான ஆங்கிலப் பன்மையை எழுதினால் தீராதா என்று கேட்கலாம். தீராது. அதன் ஒருமையை எடுக்கும்போது கடைசி எஸ் ஒன்று மட்டும் வெட்டுப்பட்டு, ‘கம்பஸ்’ என்பதன் வாலில் ஓர் ஈ எழுத்து தொங்கும் மூன்றாவது பெயர் ஒன்று பிறக்கும். மொடலுக்கோ அந்தப் பெயரும் தெரியாது.

டீ, ஏ அல்லது ஐ, ஏ என்ற இரண்டு எழுத்துகளில் முடிகின்ற சொற்கள் இரண்டாம் வகை. ‘டேட்டம்’ என்பதன் பன்மை ‘டேட்டா’, ‘மீடியம்’ என்பதன் பன்மை ‘மீடியா’ என்ற இலத்தீன் வழக்குக்காக ஒரு விதி எழுதப்பட்டிருக்கிறது. அந்த விதி உரப் பங்கீட்டுக்காக நாம் எழுதும் ‘கோட்டா’ மொடலையும் விடாது. ‘கோட்டா’ ஏற்கனவே பன்மை என்று கொண்டு, அதன் ஒருமையாகக் ‘கோட்டம்’ என்பதைத் தரும். கோட்டக் கல்வி அலுவலகத்தோடு அன்றாடம் பழகும் நம்மவர் திரையில் அதைக் கண்டால், வேறேதோ பகுதிக்குள் வந்துவிட்டோம் என்றே நினைப்பார்.

மூன்றாவது வகையான ‘ஃபிஷ்’, ‘ரைஸ்’ போன்றவை உண்மையில் நோயே அல்ல. அவற்றின் நடத்தை மட்டும் வேறு. நம் இலக்கணத்தில் இதற்குப் ‘பால்பகா அஃறிணைப் பெயர்’ என்ற அருமையான பெயர் இருக்கிறது. ‘மாடு மேய்ந்தது’ என்றால் ஒன்று, ‘மாடு மேய்ந்தன’ என்றால் பல. பெயர் மாறுவதில்லை, வினையே எண்ணைக் காட்டுகிறது. ரெயில்ஸும் இதையேதான் செய்கிறது. ‘ரிசோர்சஸ் ஃபிஷ்’ என்று எழுதினால், தனி மீனின் பக்கத்துக்கு ‘ஃபிஷ் பாத்’ என்றும், பட்டியலுக்கு ‘ஃபிஷ் இன்டெக்ஸ் பாத்’ என்றும் பெயர் தந்து, ‘இன்டெக்ஸ்’ என்ற ஒட்டினால் பன்மையைக் காட்டுகிறது. இது தெரியாமல் ‘ஃபிஷஸ் பாத்’ என்று எழுதி அது இல்லையென்று திகைப்பவர்களையே நான் அதிகம் கண்டிருக்கிறேன். மொடல் பக்கமும் இங்கே ‘இன்டெக்ஸ்’ ஒட்டையே தேடுவதால் படிவங்கள் சரியாக இயங்கும். கவனிக்க வேண்டியது மாறிகளின் பெயர் மட்டுமே. பட்டியலுக்கும் தனி மீனுக்கும் ‘ஃபிஷ்’ என்றே மாறி வைத்தால், ஆறு மாதத்துக்குப் பின் வாசிக்கும்போது எது எது என்று உங்களுக்கே விளங்காது. பட்டியலுக்கு ‘ஃபிஷ் லிஸ்ட்’ என்று வைத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: இன்ஃப்ளெக்டருக்குக் கற்பித்தல்

செயலியின் ‘கொன்ஃபிக்’ கோப்புறைக்குள் ‘இனிஷியலைசர்ஸ்’ என்ற கோப்புறையும், அதற்குள் ‘இன்ஃப்ளெக்ஷன்ஸ்’ என்ற கோப்பும் ஏற்கனவே இருக்கும். அதிலுள்ள எடுத்துக்காட்டு வரிகள் குறிப்புரையாக மூடப்பட்டிருக்கும். ‘அக்டிவ் சப்போர்ட் இன்ஃப்ளெக்டர் இன்ஃப்ளெக்ஷன்ஸ்’ என்று தொடங்கும் தொகுதியைத் திறந்து, அதற்குள் ‘இர்ரெகுலர்’ என்ற செயலுக்கு ‘கம்பஸ்’, ‘கம்பஸஸ்’ என்ற இரண்டு சொற்களையும் இதே வரிசையில் கொடுங்கள். முதலில் ஒருமை, அடுத்துப் பன்மை. ‘போனஸ் – போனஸஸ்’, ‘கோட்டா – கோட்டாஸ்’, விரும்பினால் ‘லீஃப் – லீவ்ஸ்’ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும்.

இந்த ஒரு வரி நான்கு காரியங்களைச் செய்கிறது. ஒருமையிலிருந்து பன்மைக்கும், பன்மையிலிருந்து ஒருமைக்கும் வழி காட்டுவதோடு, ஏற்கனவே ஒருமையாக உள்ள சொல்லை மேலும் வெட்டாமலும், ஏற்கனவே பன்மையாக உள்ள சொல்லின் மேல் இன்னொரு பன்மையை ஏற்றாமலும் காக்கிறது. ‘ப்ளூரல்’, ‘சிங்குலர்’ என்ற செயல்களால் ஒரு திசைக்கு மட்டும் விதி எழுதவும் இடமுண்டு. ஆனால் ஒரு திசையை எழுதிவிட்டு மறு திசையை மறப்பதே அதில் வழக்கமாக நிகழ்வது. ஒரே மாதிரியான ஈறுள்ள பல சொற்கள் இல்லாதவரை நான் ‘இர்ரெகுலர்’ செயலையே பரிந்துரைப்பேன்.

‘அன்கவுன்டபிள்’ என்ற செயலின் மூலம் ஒரு சொல்லைப் பால்பகாப் பெயர்ப் பட்டியலில் சேர்க்கலாம். அவசரத்தில் இருப்பவர்கள் ‘கம்பஸ்’ என்பதையும் அதிலேயே தள்ளிவிடுவதுண்டு, அதுவும் இயங்கவே செய்யும். ஆயினும் உண்மையில் பன்மையுள்ள ஒரு சொல்லை அங்கே இட்டால், அதன் பட்டியல் ஹெல்ப்பர் ‘இன்டெக்ஸ்’ ஒட்டோடு வரும். உங்களுக்குப் பின் அந்த நிரலைப் பொறுப்பேற்கின்றவர் காரணம் தெரியாமல் அலைவார். ‘ரைஸ்’ போல இயல்பாகவே எண்ணில் அடங்காதவற்றுக்கு மட்டும் அந்தப் பட்டியலை விட்டுவைப்பது நல்லது.

பின்னர் சேர்க்கும் விதியே முதலில் பார்க்கப்படும் என்பதால், ரெயில்ஸின் சொந்த விதியை நீங்கள் வெல்லலாம். ‘களிமண்’ என்பதற்கு எஸ் சேர்த்த பன்மையை ‘இர்ரெகுலர்’ வரியாக எழுதினால் அது ‘மேன் – மென்’ விதிக்கு முந்திக்கொள்ளும். ஆனால் ‘மேன்’ போன்ற மூன்றெழுத்துச் சொற்களை நீங்களும் புதிதாகக் கற்பித்துவிடாதீர்கள். விதி ஈற்றையே பார்ப்பதால், சம்பந்தமில்லாத நீண்ட சொற்களின் வால்களிலும் அது போய்க் கடிக்கும். இரண்டு சொற்களை அடிக்கோட்டால் இணைத்த கூட்டுப் பெயர்களையும் தனியே சோதியுங்கள். தனிச் சொல் சரியாக வந்தது என்பதற்காகக் கூட்டுப் பெயரும் சரியாக வரும் என்று கொள்ளக்கூடாது.

கோப்பைச் சேமித்த பின் சேர்வரையும் கொன்சோலையும் நிறுத்தி மீண்டும் தொடங்க வேண்டும். இனிஷியலைசர் கோப்புகள் செயலி எழும்பும்போது ஒரு முறை மட்டுமே வாசிக்கப்படுகின்றன. விதி வேலை செய்யவில்லை என்று என்னிடம் வந்த கேள்விகளில் பாதிக்கு இதுவே விடை.

நான்காம் படி: ஜெனரேட்டரை இயக்கி, ரவுட்ஸைப் பார்த்தல்

விதியை எழுதிய பின்னரே ஜெனரேட்டரை இயக்குங்கள், முன்னர் அல்ல. நீங்கள் கொடுத்த பெயர் பன்மையாகத் தெரிந்தால் ஜெனரேட்டர் அதை அறிவித்து, தான் கணித்த ஒருமையைப் பயன்படுத்தப் போவதாகச் சொல்லும். பன்மையிலிருந்து ஒருமையை மீட்க முடியாத சொல்லென்றால் அதற்கும் ஒரு தனி எச்சரிக்கை உண்டு. நாம் கையால் செய்த அதே போய்த் திரும்பும் சோதனையைத்தான் அதுவும் செய்கிறது. எச்சரிக்கை வந்தால் உருவான கோப்புகளை உடனே ‘டெஸ்ட்ரோய்’ கட்டளையால் நீக்கிவிட்டு, மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். ‘ஃபோர்ஸ் ப்ளூரல்’ என்ற தெரிவைச் சேர்த்தால் எச்சரிக்கை அடங்கிவிடும், ஆனால் நான் கையால் பெயரை மாற்றிப் பட்ட பாடு அதன் பின்னால்தான் காத்திருக்கிறது.

அதன்பின் ‘ரெயில்ஸ் ரவுட்ஸ்’ கட்டளையை, ஜீ எழுத்துத் தெரிவுடன், உங்கள் சொல்லைக் கொடுத்து இயக்கினால் அந்தச் சொல் வரும் வரிகள் மட்டும் திரையில் விழும். இடப்புறக் கொலத்திலுள்ள பெயர்களோடு ‘பாத்’ என்பதைச் சேர்த்தால் அவையே உங்கள் ஹெல்ப்பர்கள். அவற்றை ஊகிக்காமல் இங்கிருந்தே எடுத்து எழுதுங்கள்.

ஐந்தாம் படி: ரவுட்ஸ் கோப்பில் மட்டும் மாற்ற வேண்டியவை

சில வேளைகளில் உள்ளே பெயர் சரியாக இருக்கும், வெளியே தெரியும் முகவரி மட்டும் வேறாக இருக்க வேண்டும். அதற்கு ‘பாத்’ என்ற தெரிவு இருக்கிறது. அது முகவரியை மட்டுமே மாற்றும், ஹெல்ப்பரையும் கொன்ட்ரோலரையும் தொடாது. ஹெல்ப்பரின் பெயரை மாற்ற ‘அஸ்’, கொன்ட்ரோலரை மாற்ற ‘கொன்ட்ரோலர்’, ஐடி பரமீட்டரை மாற்ற ‘பரம்’ என்று தனித்தனித் தெரிவுகள் உண்டு. ஒரு சொல்லின் ஒருமை பன்மைப் பிழையை இந்த நான்கையும் அடுக்கி மூடிவிட முடியும் என்பது உண்மைதான். ஆனால் படிவம் மொடலிடம் கேட்கும் பெயர் அப்படியே இருக்கும் என்பதால், பிழை ரவுட்ஸிலிருந்து படிவங்களுக்கு இடம் மாறும், அவ்வளவே. சொல்லே பிழையென்றால் இன்ஃப்ளெக்டரைத் திருத்துங்கள். முகவரியின் தோற்றமே பிரச்சினையென்றால் இந்தத் தெரிவுகளை எடுங்கள்.

முகவரியில் தமிழ் எழுத்தையே வைக்க ரெயில்ஸ் இடம் தருகிறது. ‘ரிசோர்சஸ் ரைஸ்’ என்ற வரியில் ‘பாத்’ தெரிவுக்கு ‘நெல்’ என்று தமிழில் கொடுத்தால், உலாவியின் முகவரிப் பட்டையில் ‘நெல்’ என்றே தெரியும். அந்த முகவரியை நகலெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பும்போது பெரும்பாலும் அது சதவீதக் குறிகளாக விரியும். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்தாக எழுதப்படும். ‘நெல்’ என்பதில் இருப்பவை 4 குறியீடுகள் என்பதால், அந்தச் சிறு சொல் 36 எழுத்துகளாக நீளும். அச்சிட்டு ஒட்டும் விளம்பரத்துக்குத் தமிழ் முகவரி அழகு; கைபேசியில் பகிர்வதற்கு அவ்வளவு வசதியில்லை.

ஒருமை ரிசோர்ஸ் பற்றியும் ஒரு சொல். ‘ரிசோர்ஸ்’ என்று எஸ் ஒட்டு இல்லாமல் எழுதும் வரி, உள்நுழைந்தவரின் சுயவிவரம் போல ஒன்றே ஒன்று மட்டும் இருப்பவற்றுக்கானது. முகவரி ஒருமையாக இருந்தாலும், அது தேடும் கொன்ட்ரோலரின் பெயர் பன்மையாகவே இருக்கும்.

ஆறாம் படி: ஏற்கனவே இயங்கும் செயலியை மாற்றுதல்

என் நிலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இந்தப் படியே முக்கியமானது. விதியைச் சேர்த்த கணமே ரெயில்ஸ் புதிய பெயர்களைத் தேடத் தொடங்கும். தரவுத்தளத்திலோ பழைய பெயர்களே இருக்கும். ஆகவே விதி, தரவுத்தளத்தின் அமைப்பை மாற்றும் கோப்பான மைக்ரேஷன், பெயர் மாற்றம் ஆகிய மூன்றும் ஒரே வெளியீட்டில் சேர்ந்தே போக வேண்டும். தொடங்கும் முன் தரவுத்தளத்தின் முழுப் பிரதியொன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய மைக்ரேஷன் கோப்புகளைத் திருத்தக்கூடாது. புதிய மைக்ரேஷன் ஒன்றை எழுதி, ‘ரிநேம் டேபிள்’ கட்டளையால் ‘கம்பஸ்’ அட்டவணையைக் ‘கம்பஸஸ்’ என்றும், மாணவர் அட்டவணையிலும் பாடவேளை அட்டவணையிலும் உள்ள ‘கம்பு ஐடி’ கொலங்களை ‘ரிநேம் கொலம்’ கட்டளையால் ‘கம்பஸ் ஐடி’ என்றும் மாற்ற வேண்டும். பின்னர் வகுப்பின் பெயர், கோப்பின் பெயர், கொன்ட்ரோலர், காட்சிக் கோப்புறை, தொடர்புகளைச் சொல்லும் வரிகள் ஆகியவற்றை மாற்றுங்கள்.

மறந்துபோகும் இடம் ஒன்று உண்டு. கருத்துரைகள், இணைப்புக் கோப்புகள் போன்றவற்றைப் பல மொடல்களோடு பொதுவாக இணைக்கும் பொலிமோர்ஃபிக் தொடர்பு இருந்தால், வகுப்பின் பெயர் தரவுக்குள்ளேயே எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கும். ‘கம்பு’ என்று சேமிக்கப்பட்ட அந்த வரிகளையும் மைக்ரேஷனிலேயே ‘கம்பஸ்’ என்று புதுப்பிக்காவிட்டால், கிளைகளோடு இணைத்த படங்கள் எல்லாம் ஒரே நாளில் காணாமற்போனது போலத் தோன்றும். தரவு அழியவில்லை, பழைய பெயரில் கிடக்கும்.

அட்டவணையை மாற்றுவதற்கு அனுமதி இல்லாத இடங்களும் இருக்கும். வேறொரு செயலியும் அதே அட்டவணையைப் படிக்கிறதென்றால், மொடலுக்குள் ‘டேபிள் நேம்’ என்பதற்குப் பழைய பெயரையும், தொடர்பு வரியில் ‘ஃபொரின் கீ’ என்பதற்குப் பழைய கொலத்தின் பெயரையும் கொடுத்துவிட்டு, விதியை மட்டும் சரியாக வைத்திருக்கலாம்.

இறுதியாக முகவரி. பழைய முகவரிகளை யாராவது சேமித்து வைத்திருப்பார்கள், தேடுபொறியும் அறிந்திருக்கும். ரவுட்ஸ் கோப்பில் ‘கெட்’ வரியொன்றை எழுதி, பழைய ‘கம்பஸ்’ முகவரியையும் அதன் ஐடியையும் புதிய ‘கம்பஸஸ்’ முகவரிக்கு ‘ரிடைரெக்ட்’ செய்யுங்கள். வேறு எதுவும் சொல்லாவிட்டால் ரெயில்ஸ் அதை நிரந்தர மாற்றத்துக்குரிய 301 என்ற குறியீட்டோடு அனுப்பும்.

வேறு பிரேம்வேர்க்குகளில்

பிஎச்பி மொழியின் லராவெல்லில் இந்தச் சிக்கல் வேறு உருவில் வரும். அங்கே ‘டொக்ட்ரின் இன்ஃப்ளெக்டர்’ என்ற நூலகம் ஆங்கிலச் சொற்களை ரெயில்ஸை விட நன்றாகவே கையாளுகிறது. மொடலின் அட்டவணைப் பெயர் பிழைத்தால் மொடலுக்குள் ‘டேபிள்’ என்ற பண்பில் சரியான பெயரை எழுதிவிடலாம். ஆபத்து இருப்பது பரமீட்டரில். 2016இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து, ரிசோர்ஸ் வரியில் எழுதும் பன்மைச் சொல்லின் ஒருமையே முகவரிப் பரமீட்டரின் பெயராகிறது. கொன்ட்ரோலர் செயலில் நீங்கள் எழுதிய மாறியின் பெயர் அந்தப் பரமீட்டரோடு பொருந்தாவிட்டால், பதிவு கண்டெடுக்கப்படாமல், வெறுமையான மொடல் ஒன்று உங்கள் கையில் தரப்படும். பிழைச் செய்தி எதுவும் வராது; பக்கம் திறக்கும், எல்லாப் பெட்டிகளும் வெறுமையாக இருக்கும். ரெயில்ஸ் சத்தமாக உடைவதை இதைவிட நான் விரும்புவேன். ‘வட்டை’, ‘போடியார்’, ‘வாடி’ போன்ற நம் சொற்களை ஆங்கில எழுத்தில் வைத்திருக்கும் செயலிகளில், ரிசோர்ஸ் வரியின் பின்னால் ‘பரமீட்டர்ஸ்’ என்ற செயலைச் சேர்த்து, எந்தப் பெயருக்கு எந்தப் பரமீட்டர் என்று வெளிப்படையாக எழுதிவிடுவதே பாதுகாப்பு. ‘ஆர்டிசன் ரவுட் லிஸ்ட்’ கட்டளை முடிவைக் காட்டும்.

பைதன் மொழியின் ஜாங்கோ முகவரிகளை ஊகிப்பதே இல்லை; அட்மின் பக்கத்தில் மட்டும் பெயரோடு ஓர் எஸ்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டும், அதை மொடலின் மெட்டா வகுப்பில் ‘வெர்போஸ் நேம் ப்ளூரல்’ என்பதால் திருத்தலாம். எலிக்சர் மொழியின் ஃபீனிக்ஸ், ஜெனரேட்டரை இயக்கும்போதே ஒருமையையும் பன்மையையும் நம்மிடமே கேட்டு வாங்கிக்கொள்கிறது. மரம் ‘மரங்கள்’ ஆவதும், கல் ‘கற்கள்’ ஆவதும், பூ ‘பூக்கள்’ ஆவதும், ‘நாள்களா நாட்களா’ என்ற வழக்கு இன்னும் தீராததும் தெரிந்த நமக்கு, கேட்டுத் தெரிந்துகொள்ளும் அந்த முறையே நியாயமாகப் படும்.

ஏழாம் படி: சோதனையை நிரலாக்குதல்

எல்லாவற்றையும் திருத்திய பின், அடுத்தவர் புதிய மொடல் ஒன்றைச் சேர்க்கும்போது மீண்டும் இதே குழிக்குள் விழாதிருக்க ஒரு சிறு சோதனைக் கோப்பு எழுதி வையுங்கள். செயலியின் எல்லா வகுப்புகளையும் முதலில் ஏற்றிவிட்டு, மொடல்களுக்கெல்லாம் தாய் வகுப்பான ‘அப்ளிகேஷன் ரெக்கோர்ட்’ என்பதன் வழித்தோன்றல்களை ஒவ்வொன்றாக எடுத்து, பெயரைப் பன்மையாக்கி மீண்டும் ஒருமையாக்கினால் அதே பெயர் வருகிறதா, ஒருமையை நேராக ஒருமையாக்கினால் மாறாமல் நிற்கிறதா என்ற இரண்டை மட்டும் அது உறுதிசெய்தால் போதும். பத்து வரிக்குள் முடிந்துவிடும். மொடல்களை முன்கூட்டியே ஏற்ற மறந்தால் வழித்தோன்றல் பட்டியல் வெறுமையாக இருக்கும், சோதனையும் ஒன்றையும் பார்க்காமலே தேறிவிடும். ஆகவே பட்டியல் வெறுமையில்லை என்பதையும் மூன்றாவது வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். என் செயலியில் அந்தக் கோப்பு முதன்முறை ஓடியபோது தேறவில்லை. சம்பளப் பகுதியில் ஒரு ‘போனு’ இருந்தது.